டப்பாவில் இருந்த விமானத் துணி: ஒரு நன்றி மடல்

கான்பெராவில் உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

எதிர்வீட்டுப் பாட்டி போன வருடம் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே கையகலத் துணி. ஊதா, பச்சை, மங்கிய மஞ்சள் என்று தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக நிறங்கள். முதல் உலகப்போரின் பிற்பாதியில் ஜெர்மானியர் தங்கள் போர் விமானங்களுக்குப் போர்த்திய துணி அது. நிறத்தைத் துணியிலேயே அச்சடித்துவிட்டதால் பெயிண்டின் எடை மிச்சம். 1918இல் பிரான்ஸின் சோம் போர்முனையிலிருந்து அவருடைய தாத்தா கொண்டுவந்தாராம். பாட்டி, நம்பிக் கொடுத்ததற்கு முதல் நன்றி உங்களுக்கு.

அதைத் துவைக்கத்தான் நினைத்தேன். பழந்துணிப் பராமரிப்பாளரான அம்மையார் தொலைபேசியிலேயே தடுத்தார்: "தண்ணீர் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம்." துணி விறைப்பாக நிற்கப் பூசிய 'டோப்' என்ற அரக்குப் பூச்சு நாளாக ஆக உடைந்து, அமிலத்தை வெளிவிட்டு, துணியையே அரித்துவிடுமாம். எப்போதோ யாரோ ஒட்டிவைத்த செல்லோடேப்பை அவர் மூன்று மதியங்கள் உட்கார்ந்து உரித்தெடுத்தார். அடியில் வரிசையாக ஊசித்துளைகள் தெரிந்தன. இறக்கையின் மரச்சட்டத்தோடு துணியைச் சேர்த்துத் தைத்த இடம். ஒரு துளையில் அரை அங்குல நூல் இன்னும் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அமிலமில்லாத அட்டையில் பெட்டி செய்துகொடுத்த தம்பிக்கும் நன்றி. துணியை மடிக்காமல் வைக்க வேண்டும் என்று மூன்று முறை அளவெடுத்தார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும் என்ற என் ஆசையை விட்டுவிட்டேன். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு நன்றி, இன்று இல்லாதவர்களுக்கு. 1918 ஏப்ரல் 21 அன்று ஜெர்மானியப் போர் விமானி ரிச்தோஃபன் சுடப்பட்டு விழுந்த இடத்தில், அவருடைய சிவப்பு ஃபோக்கர் மூவிறக்கை விமானத்தைச் சிப்பாய்கள் ஞாபகார்த்தமாக வெட்டியெடுத்துக்கொண்டார்கள். படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ரக விமானத்தில் அசலாக ஒன்றுகூட இன்று முழுசாக இல்லை. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன துண்டுகள்தான் மிஞ்சின. அவற்றைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்த மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பெட்டி இப்போது என் வீட்டில் குளிர்ந்த, இருட்டான அலமாரியில் இருக்கிறது. வரும் ஞாயிறு பாட்டியின் பேத்திகள் பார்க்க வருகிறார்கள். அந்த நூலை அவர்களுக்குக் காட்டப்போகிறேன்.