மின்சாரமே இல்லாத ஒரு போட்டி

நகோயா, ஜப்பான்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம். அவளுக்கும் இதைப் படித்துக் காட்டு.

இங்கே கராக்குரிப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். மின்சாரம் இல்லாமல் கனத்தாலும் சுருள்வில்லாலும் தானே இயங்கும் பொறியைத்தான் இங்கே கராக்குரி என்கிறார்கள். தொழிற்சாலைப் பராமரிப்புக்கென்று இங்கே ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது, அவர்கள் நடத்துவது. தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர்களே யோசித்து, தாங்களே வெட்டி ஒட்டிச் செய்த பொறிகளைக் கொண்டுவந்து இயக்கிக் காட்டுகிறார்கள்.

ஒன்றைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. பாகங்கள் நிறைந்த பெட்டியைத் தட்டில் வைத்ததும் அந்தக் கனத்திலேயே தட்டு கீழே இறங்குகிறது, மறுபக்கம் எடைக்கல் மேலே ஏறுகிறது. பெட்டி காலியாகும் வரை ஒரு சின்னக் கொக்கி தட்டைப் பிடித்துக்கொள்கிறது. கொக்கியை விட்டால், காலிப் பெட்டியை விட எடைக்கல் கனம் இல்லையா, தட்டு தானாக மேலே போய்விடுகிறது. மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. சுற்றி நின்ற பெரியவர்களெல்லாம் குழந்தைகள் மாதிரிக் கைதட்டினார்கள். எந்த அசைவு எதைத் தள்ளுகிறது என்று கண்ணெதிரே தெரிகிறதே, அந்தச் சந்தோஷம்தான் அது. மூடிய பெட்டிக்குள் ஓடும் மோட்டார் எவ்வளவு வேலை செய்தாலும் இதைத் தராது.

இதன் வேர் பழைய பொம்மைகளில் இருக்கிறது. 1662இல் தகேதா ஓமி என்பவர் ஒசாகாவில் இயந்திரப் பொம்மைகளுக்கென்றே ஒரு நாடகக் கொட்டகை திறந்தார். தேநீர் பொம்மை என்று ஒன்று உண்டு. அதன் கைத்தட்டில் கோப்பையை வைத்தால் விருந்தாளியிடம் நடந்து போகும், கோப்பையை எடுத்தால் நின்றுவிடும், திரும்ப வைத்தால் வந்த வழியே போகும். உள்ளே இருக்கும் சுருள்வில், திமிங்கலத்தின் வாயிலுள்ள நார்த்தகட்டில் செய்தது. அந்தப் பொம்மையைச் செய்யும் முறையை ஹொசோகவா ஹன்சோ என்பவர் 1796இலேயே படம் போட்டுப் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். வித்தையை ஒளித்து வைக்காமல் ஊருக்கே சொன்ன மனசு, பெரிய மனசு.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் தனகா ஹிசஷிகே (1799–1881). அவர் செய்த வில்லாளிச் சிறுவன் பொம்மை அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எய்யும். அதில் ஒன்று குறி தப்பும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார். அடுத்த அம்பு பட்டதும் பார்ப்பவர்கள் ஆரவாரிக்கட்டும் என்று! இதே மனிதர் 1875இல் தோக்கியோவில் தொடங்கிய பட்டறைதான் பின்னால் தோஷிபா நிறுவனமாக வளர்ந்தது. விளையாட்டும் தொழிலும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. போட்டிக்கு வந்தவர்களிடமும் அதைத்தான் கண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் சொன்ன பொறியில் கொக்கியை மட்டும் கையால்தான் தட்டிவிட்டார்கள். பெட்டி காலியானதும் அதுவும் தானே விடுபட வழி இருக்குமா? தட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வைத்தால், கனம் குறைந்ததும் தட்டை லேசாகத் தூக்கிக் கொக்கியைக் கழற்றிவிடும் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நீ, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படம் போட்டு அனுப்பு.

அன்புடன்,
ராமு