இழுபறித் தேர்தலில் புகார்கள் யாரை அசைக்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசாரக் காலத்தில் வெடிக்கும் சர்ச்சைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, ‘இந்தப் புகார் மக்களிடம் எடுபடுமா, எடுபடாதா’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியே சற்றுப் பிசகானது என்பது என் கருத்து. வேட்பாளர் ஒருவரைப் பற்றிய அசிங்கம் அம்பலமானதும் அவருடைய ஆதரவாளர்கள் கூட்டங்கூட்டமாக எதிரணிக்குத் தாவுவது அபூர்வம். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். போகிறவர்களிலும் சிலர் இரண்டு முக்கிய வேட்பாளர்களுக்கும் போடாமல் திரும்புகிறார்கள். பெரும் வித்தியாசத்தில் முடியும் தேர்தலில் இந்தச் சிறு பகுதியை யாரும் கண்டுகொள்வதில்லை. சில நூறு வாக்குகளில் முடிவாகும் தேர்தலில் தீர்ப்பை எழுதுபவர்களே இவர்கள்தாம். இதற்கு அயல்நாட்டு உதாரணங்களையே காட்டப்போகிறேன். உள்ளூர் உதாரணத்தைத் தொட்டால் வாதத்தை விட்டுவிட்டு, எழுதியவன் எந்தக் கட்சிக்காரன் என்ற ஆராய்ச்சிதான் நடக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2017 டிசம்பர் 12-ஆம் தேதி நடந்த செனட் சபைக்கான சிறப்புத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர், பல ஆண்டுகளுக்கு முன்பு பதின்பருவப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக நவம்பர் மாதம் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் குற்றச்சாட்டுகள் வெளியாயின. அவர் அவற்றை மறுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த அதிபர் தேர்தலில் அதே கட்சிக்கு ஏறத்தாழ 28 சதவீதப் புள்ளி முன்னிலை தந்த மாநிலம் அது. ஆயினும் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் சுமார் 22 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத வேறு ஏதோ ஒரு பெயரைத் தம் கையால் எழுதிப்போட்டவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே 22 ஆயிரம்தான். சொல்லப்போனால் அது வெற்றி வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்படி எழுதிப்போட்டவர்களில் ஒருவர், அம்மாநிலத்தின் அப்போதைய மூத்த குடியரசுக் கட்சி செனட்டரான ரிச்சர்ட் ஷெல்பி. மூருக்குப் போட மனம் வரவில்லை என்றும் தம் கட்சியைச் சேர்ந்த வேறொருவரின் பெயரை எழுதிவிட்டதாகவும் தொலைக்காட்சியில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். எதிர்க்கட்சிக்குப் போட்டதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரணி வாக்காளர்கள், குறிப்பாகக் கறுப்பின மக்கள், திரண்டு வந்து வாக்களித்ததும் அந்த முடிவுக்குச் சரிபாதிக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2020-இல் அதே தொகுதியில் அதே ஜோன்ஸ், அத்தகைய புகார் ஏதும் சுமக்காத ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளரிடம் 20 புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றார். பெரும்பாலோர் கட்சி மாறியிருக்கவில்லை. ஒருமுறை கை கூசியது, அவ்வளவே.

எந்தப் புகார் கையைக் கூச வைக்கும், எது வைக்காது என்பதற்குக் குற்றத்தின் கனம் மட்டும் அளவுகோல் ஆகாது. வேட்பாளர் தம்மைப் பற்றி என்ன சொல்லி வாக்குக் கேட்டாரோ, அதையே புகார் பொய்யாக்கும்போதுதான் அடி பலமாக விழுகிறது. பிரான்சின் 2017 அதிபர் தேர்தலில் முன்னணியில் இருப்பதாகக் கருதப்பட்ட பிரான்சுவா ஃபியோன், நேர்மையையே தம் முகவரியாக வைத்திருந்தவர். ‘ஜெனரல் டி கால் குற்ற விசாரணைக்கு ஆளாவதை யாராவது கற்பனை செய்ய முடியுமா’ என்று தம் கட்சிப் போட்டியாளரைக் குத்திக்காட்டும் வகையில் பேசியவர். அந்த ஜனவரியில், நாடாளுமன்ற உதவியாளர் வேலைக்கென்று அவருடைய மனைவிக்குப் பொதுப்பணம் ஊதியமாகத் தரப்பட்டதையும், அந்த வேலை உண்மையில் நடந்ததா என்ற கேள்வியையும் ‘ல கனார் ஆன்ஷெனே’ வார இதழ் வெளியிட்டது. முறைப்படியான குற்ற விசாரணைக்கு உட்படுத்தப்பட்டால் விலகிவிடுவேன் என்றார் ஃபியோன். மார்ச் மாதம் உட்படுத்தப்பட்டபோது விலகவில்லை. முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 20 சதவீதம், இரண்டாமிடம் பெற்ற மரின் லெ பென்னுக்கு 21.3 சதவீதம். இரண்டாம் சுற்றுக்கு இருவர் மட்டுமே போகும் முறையில் அந்த ஒன்றேகால் புள்ளி, அவரைப் பொறுத்தவரை அதிபர் பதவியாகவே இருந்திருக்கக்கூடும். இத்தனைக்கும் பிறகு ஐந்தில் ஒருவர் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களை ஏமாளிகள் என்று சொல்வது எளிது. கொள்கைக்காக ஆளைச் சகித்துக்கொள்ளும் வாக்காளர் எல்லா நாட்டிலும் உண்டு, அதில் ஒரு கணக்கும் உண்டு.

அடுத்தது காலம். 1976-இல் மது அருந்திவிட்டுக் கார் ஓட்டியதற்காக, பின்னாளில் அமெரிக்க அதிபர் வேட்பாளரான ஜார்ஜ் புஷ் கைதானது, 2000 நவம்பர் 2-ஆம் தேதி, வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள் இருக்கையில் வெளியானது. அந்தத் தேர்தலை ஃபுளோரிடாவின் 537 வாக்குகள் புஷ்ஷுக்குச் சாதகமாகத் தீர்மானித்தன. அச்செய்தியால் மனம் நொந்த மதப்பற்றாளர்கள் பலர் வாக்களிக்க வரவில்லை என்று புஷ்ஷின் தேர்தல் வியூகத்தை வகுத்த கார்ல் ரோவ் பின்னாளில் வாதிட்டார். இது உண்மையாகவே இருக்கலாம், தோல்வியின் விளிம்புவரை போனதற்கு ஒரு காரணம் தேடியதாகவும் இருக்கலாம். 2016-இல் வாக்குப்பதிவுக்கு 11 நாள் முன்பு, ஹிலாரி கிளிண்டனின் மின்னஞ்சல்கள் தொடர்பாகப் புதிதாகச் சிலவற்றை ஆராய்வதாக எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி காங்கிரசுக்கு எழுதிய கடிதமும் இதே வகைதான். அவர் மீது வழக்குத் தேவையில்லை என்ற முந்தைய முடிவில் மாற்றமில்லை என்று நவம்பர் 6-ஆம் தேதி கோமியே தெரிவித்தபோது, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்தான் மிச்சம். மூன்று மாநிலங்களில் மொத்தம் சுமார் 78 ஆயிரம் வாக்குகள் முடிவைத் தீர்மானித்த தேர்தல் அது. கடிதம்தான் கவிழ்த்தது என்போரும் இல்லை என்போரும் இன்றுவரை உண்டு.

நேர்மாறான நிகழ்வும் உண்டு. மொன்டானா மாநிலத்தில் 2017 மே மாத இடைத்தேர்தலுக்கு முதல் நாள் மாலை, வேட்பாளர் கிரெக் ஜியான்ஃபோர்ட்டே கேள்வி கேட்ட செய்தியாளர் ஒருவரைப் பிடித்துத் தரையில் தள்ளினார். அவர் மீது வழக்குப் பதிவானது. அம்மாநிலத்தின் மூன்று பெரிய நாளிதழ்கள் அவருக்கு அளித்திருந்த ஆதரவை இரவோடிரவாகத் திரும்பப் பெற்றன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் அஞ்சல் மூலம் முன்கூட்டியே வாக்களித்து முடித்திருந்தார்கள். அவர் வென்றார், பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்கூட்டியே வாக்களிக்கும் வழக்கம் பரவப் பரவ, கடைசி நேரத்தில் வெளியாகும் உண்மைக்கும் பொய்க்கும் வேகம் சற்றுக் குறைகிறது. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா என்று எனக்கே முடிவாகவில்லை.

பொய்ப் புகார்தான் இங்கே நம்மை மிகவும் கவலைப்பட வைக்க வேண்டியது. பிரிட்டனின் ஓல்டம் கிழக்கு, சாடில்வொர்த் தொகுதியில் 2010 மே மாதம் தொழிற்கட்சியின் ஃபில் வூலாஸ் 103 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எதிர்த்து நின்ற லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடுவதாகச் சித்திரிக்கும் துண்டறிக்கைகள் பிரசாரத்தில் வீடுவீடாகப் போயிருந்தன. தோற்றவர் தேர்தல் நீதிமன்றத்தை நாடினார். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்பியதாக நவம்பரில் நீதிபதிகள் தீர்ப்பளித்து, தேர்தலைச் செல்லாததாக்கி, வூலாசை மூன்றாண்டுகள் போட்டியிடத் தடை செய்தார்கள். ஆனால் 2011 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொழிற்கட்சிதான் வேறு வேட்பாளரை நிறுத்தி, முன்னைவிடக் கூடுதல் வித்தியாசத்தில் வென்றது. அவதூறுக்கு ஆளானவர் வழக்கில் ஜெயித்தார், தொகுதியில் தோற்றார்.

பத்திரிகைகளுக்கு இதில் உள்ள பங்கைச் சொல்ல 1924-ஐத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். சோவியத் தலைவர்களில் ஒருவரான சினோவியேவ் பிரிட்டன் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டி எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தை, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு ‘டெய்லி மெயில்’ வெளியிட்டது. தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. கடிதம் போலி என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோரின் முடிவு. ஆனால் அந்தத் தேர்தலில் தொழிற்கட்சியின் வாக்குகள் குறையவில்லை, சுமார் 10 லட்சம் கூடின. லிபரல் கட்சி சரிந்து, அதன் வாக்குகள் கன்சர்வேட்டிவ் கட்சியை நோக்கி ஒதுங்கியதுதான் இடங்களைப் பறித்தது. அந்த ஒதுங்கலில் கடிதத்தின் பங்கு எவ்வளவு என்பதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே, தேர்தல் முடிந்த மறுநாளே ‘இந்தப் புகார்தான் வீழ்த்தியது’ என்று தலைப்புப் போடும் அவசரத்தை எந்த நாளிதழும் தவிர்ப்பது நல்லது.

இவ்வளவும் எழுதியது ஒரு கோரிக்கையோடு. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரத்தில் வேட்பாளர் ஒருவர் மீது புகார் வெளியிடும்போது, சம்பவம் எப்போது நடந்தது, ஆதாரம் தங்கள் கைக்கு எப்போது வந்தது, அதில் எதைத் தாங்களே சரிபார்த்தீர்கள், எதை இன்னும் சரிபார்க்கவில்லை, சம்பந்தப்பட்டவருக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்பதையெல்லாம் செய்தியின் உள்ளேயே அச்சிட வேண்டும். ‘என்று கூறப்படுகிறது’ என்ற ஒற்றைச் சொற்றொடரின் பின்னால் இவை அனைத்தும் ஒளிந்துகொள்வதை அனுமதிக்கக் கூடாது. அத்துடன், தேர்தலுக்கு முன் முதல் பக்கத்தில் வந்த ஒவ்வொரு புகாரும் பின்னர் என்ன ஆனது, நிரூபணமானதா, தள்ளுபடியானதா, விசாரணையே தொடங்கவில்லையா என்பதை ஆறு மாதம் கழித்து அதே முதல் பக்கத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். ஒன்பதாம் பக்கத்தின் மூலையில் வரும் நான்கு வரித் திருத்தம் இதற்குப் போதாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்