கொச்சிக்கடையில் தொடங்குங்கள், அப்பா

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அம்மா வேளாவேளைக்குத் தைலம் போட்டுவிடுகிறார்களா? போன வாரம் போனில், "நீயும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போன பிறகு நான் அங்கே வந்து சுவரையா பார்த்துக்கொண்டு இருப்பேன்" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். தாளில் இருந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

நீங்கள் ஒருநாள் முழுக்கத் தனியாக நடப்பதற்கு ஒரு வழி போட்டு வைத்திருக்கிறேன். கைடு யாரும் வேண்டாம். மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான் வரும். நீங்கள் நின்று நின்று பார்க்கிற ஆள் என்பதால் காலையில் கிளம்பினால் மாலை ஆகிவிடும். நான் இந்த வழியை ஐந்தாறு தடவை நடந்துவிட்டேன். முதல் தடவை மட்டும் தலைகீழாக நடந்தேன். இங்கே வரும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்: காலிமுகத்திடலில் தொடங்கி, கோட்டைப் பகுதியில் வெள்ளைக்காரன் கட்டிய கட்டடங்களைப் பார்த்து, புறக்கோட்டைக்கு வருவதற்குள் வெயிலும் கால்வலியும் சேர்ந்து ஓட்டோ ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. தாத்தா இந்த ஊருக்குள் எந்தப் பக்கமாக நடந்தாரோ அந்தப் பக்கத்திலிருந்து வாருங்கள்.

காலை ஏழு மணிக்குள் வெள்ளவத்தையில் ரயில் ஏறுங்கள். இடது பக்கம் நின்றால் கோட்டை வரைக்கும் கடல் கூடவே வரும். நம் தூத்துக்குடியில் கடல் கிழக்கே இருக்கிறது, இங்கே மேற்கே. சூரியன் கடலில் விழுவதைப் பார்த்துப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. ரயில் நிலையத்தின் பெயர் கோட்டை என்றாலும் இறங்கும் இடம் புறக்கோட்டைதான், குழம்ப வேண்டாம். அங்கிருந்து மீட்டர் போட்ட ஓட்டோவில் "கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்" என்று சொன்னால் போதும்.

தாத்தா சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்த காலத்தில், திரும்பும் பயணத்துக்கு முன் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் பாய் விரிக்க மாட்டார் என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். அந்த அந்தோனியார் இவர்தான், அப்பா. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் மறைந்து வாழ வேண்டியிருந்தது. அப்போது கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவை இங்கிருந்த மீனவர்கள் காப்பாற்றினார்கள், அவர் சிலுவை நட்டு ஜெபித்ததும் கரையை அரித்த கடல் பின்வாங்கியது என்று இங்கே சொல்கிறார்கள். கடற்கரைக்காரர்களுக்கு அந்தக் கதை உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை போனால் இந்து, பௌத்தர், முஸ்லிம் என்று எல்லோரும் வரிசையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் இதே கோயிலுக்குள் குண்டு வெடித்தது. நாம் தூத்துக்குடியில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கும். ஜூன் மாதமே கோயிலைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனதும் நான் முதலில் ஜெபிப்பது அன்று இறந்தவர்களுக்காகத்தான். நீங்களும் அவர்களுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். முழுக்கக் கருங்கல். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவருடைய மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். உள்ளே காலை வைத்த நிமிஷம் எனக்கு நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் நிற்பது மாதிரி இருந்தது. அதே குளிர்ச்சி, அதே எண்ணெய் வாசம். நான் கொழும்புக்கு வந்த நாலாம் மாதம், ஊர் ஞாபகம் தாங்காமல் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தத் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்தவப் பெண் ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் பக்கத்தில் வந்து, "எங்கயிருந்து வந்தனீங்கள் பிள்ளை? சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். அந்தத் தமிழ் எனக்கு அப்போது புதிது. இங்கே பேசுவது இல்லை, கதைப்பதுதான். ஆமாம் என்பதற்கு "ஓம்". இப்போது எனக்கே ஓம் வந்துவிடுகிறது. அம்மா போனில் சிரிக்கிறார்கள்.

அங்கிருந்து தெற்கே செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் கடல் தெரு என்ற பொருளில் பெயர், தமிழில் செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம். இப்போது வரிசையாக நகைக்கடைகள். பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டும் இந்தத் தெருவில்தான். ஆடிவேல் திருவிழாத் தேர் இங்கிருந்து புறப்பட்டு பம்பலப்பிட்டிக்குப் போகிறது. போன வருஷம் காலி வீதியில் நின்று பார்த்தேன், பஸ்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டன. நகைக்கடைக்குள் மட்டும் நுழைந்துவிடாதீர்கள், அம்மாவுக்கு என்று எதையாவது விலை கேட்டுக்கொண்டே மதியம் ஆகிவிடும்.

முழங்கால் இடம் கொடுத்தால் செட்டியார் தெருவுக்குக் கிழக்கே மேட்டில் ஏறி வுல்வெண்டால் தேவாலயத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. சிலுவை வடிவம், கோட்டைச் சுவர் மாதிரி தடித்த சுவர். அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள், இரண்டே வருஷத்தில் 1658இல் நம் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். நம் முத்துக்குளித்துறை முழுவதையும் அவர்கள் கொழும்பிலிருந்துதான் நிர்வகித்தார்கள். நம்மூரில் இருக்கும் திரித்துவ ஆலயமும் ஏறக்குறைய அதே காலத்தில் அவர்கள் கட்டியதுதான். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. பின்னால் அதே மூன்று எழுத்துகள் நம் சிதம்பரனாருக்கும் அமைந்தன. 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டதும் தூத்துக்குடிக்கும் இந்தக் கொழும்புக்கும் இடையில்தான். பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை படித்திருப்போம்! அப்போது கொழும்பு எனக்கு வெறும் பெயர். இப்போது அந்தக் கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

மேட்டிலிருந்து இறங்கினால் கேமன்ஸ் கேட். பழைய கோட்டை நகரத்தின் வாசல் இருந்த இடம். ஒல்லாந்து மொழியில் முதலை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஓரமாக ஒரு பழைய மணி தொங்கும், கவனிக்காமல் போய்விடாதீர்கள். பக்கத்தில் 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம்.

இனிமேல்தான் கூட்டம். பர்சை முன் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை வந்தபோது போன் சார்ஜ் இறங்கிவிட்டது. மழை வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி கடை, ஒரே மாதிரி சந்து. ஒரு வெங்காய மண்டியில் இருந்த பெரியவர், "குறுக்குத் தெருக்களை எண்ணிக்கொண்டு போங்கோ பிள்ளை" என்றார். அதுதான் சூத்திரம். கேமன்ஸ் கேட் பக்கம் ஐந்தாம் குறுக்குத் தெரு, கோட்டைப் பக்கம் முதலாம் குறுக்குத் தெரு. எண் குறையக் குறையக் கோட்டை நெருங்குகிறது. எண் கூடிக்கொண்டே போனால் வந்த வழியே திரும்புகிறீர்கள் என்று அர்த்தம். மேப்பும் வேண்டாம், போனும் வேண்டாம்.

நாலாம் குறுக்குத் தெருவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, கருவாடு எல்லாம் மொத்த வியாபாரம். தாத்தா வெங்காயமும் மிளகாயும் ஏற்றி வந்தார் என்றால் அந்த மூட்டைகள் இந்தத் தெருக்களில்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். மாசிக் கருவாட்டு வாசம் வந்ததும் நீங்கள் நம்மூர் மண்டிக்கே போய்விடுவீர்கள். மூட்டை சுமப்பவர்களை இங்கே நாட்டாமை என்கிறார்கள். நம் பக்கம் நாட்டாமை என்றால் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர். இங்கே அவர் முதுகு வளைத்து, கைவண்டி தள்ளி, நகரத்துக்கே சோறு கொண்டு வருகிறார். அவர்கள் குரல் கேட்டால் உடனே ஒதுங்கி வழிவிடுங்கள், பாரத்தோடு அவர்களால் நிற்க முடியாது.

அந்த மண்டிப் பெரியவரிடம் இப்போது நான் அடிக்கடி போகிறேன். 1983 ஜூலைக் கலவரத்தில் இந்தத் தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தன. அவருடைய கடையும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீங்கள் போனால் தூத்துக்குடி என்று மட்டும் சொல்லுங்கள், பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார வைப்பார். இஞ்சி போட்ட கறுப்புத் தேநீர், பால் கிடையாது. கேட்காதீர்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கட்டிய செங்கல், உச்சியில் மாதுளம்பழம் மாதிரிக் குமிழ்கள். 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தார்கள். இங்கே வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சொல்வார்கள். தொழுகை இல்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கேட்டால் உள்ளே பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம். ஒரு காலைப் பொழுதுக்குள் அந்தோனியார், சிவன், முருகன், ஒல்லாந்தர் தேவாலயம், பள்ளிவாசல். அத்தனையும் துறைமுகத்தை நம்பி வந்தவர்கள் கட்டியவை. இதைத்தான் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டடத்தின் உயரமோ அழகோ இரண்டாம் பட்சம்.

கான் மணிக்கூட்டுக் கோபுரம் தெரிந்தால் புறக்கோட்டை முடிந்தது. பம்பாய்ப் பார்சிக் குடும்பத்து மகன்கள் தங்கள் அப்பா நினைவாக 1923இல் எழுப்பியது.

கோட்டைப் பகுதியில் கோட்டையைத் தேடாதீர்கள். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் மதிலை இடித்துவிட்டார்கள். யோர்க் வீதியில் 1906இல் கட்டிய சிவப்புக் கார்கில்ஸ் கட்டடம், துறைமுகம் பார்த்த 1875ஆம் ஆண்டுக் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல், ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரி (இப்போது உள்ளே சாப்பாட்டுக் கடைகள், விலை அதிகம்). இவற்றை நடந்துகொண்டே பார்த்தால் போதும். பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும், ஜனாதிபதி மாளிகைப் பக்கம் காவல் இருக்கும், அங்கே போட்டோ எடுக்க வேண்டாம். ஆனால் சதம் வீதி முனையில் இருக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்று ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். 1857இல் கட்டியது. வரைந்து கொடுத்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. பத்து வருஷம் கழித்து அதன் மேல் விளக்கு வைத்துக் கலங்கரை விளக்கம் ஆக்கினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் கைவிட்டு, கடலோரமாக வேறொன்று கட்டினார்கள். தாத்தா முதன்முதலில் வந்தது நீங்கள் பிறப்பதற்கு முன்பு என்றால், இரவில் கடலிலிருந்து அவர் கண்ணில் பட்ட கொழும்பு இந்த விளக்குதான்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் இந்த நடைக்கு ஆகாது. போயா என்றால் பௌர்ணமி, நாடு முழுக்க விடுமுறை. மண்டிகள் அடைத்திருக்கும். குடை கட்டாயம். மதியச் சாப்பாட்டைப் புறக்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு. அரிசி கனமாக இருக்கும், கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.

வரும்போது மக்ரூன் இரண்டு டப்பா கொண்டு வாருங்கள், ஒன்று மண்டிப் பெரியவருக்கு. தாத்தாவின் அந்தப் பழைய போட்டோ, தோணி மேல் நிற்பது, அதையும் மறக்காதீர்கள். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

பழைய பாராளுமன்றத்தைத் தாண்டினால் காலிமுகத்திடல். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதே ஆளுநர் வார்டு 1859இல் இந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைக் காக்கும்படி தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார். ஆபீஸ் முடிந்து, பேத்தியை அழைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு அந்தக் கல்வெட்டுப் பக்கத்தில் நிற்பேன். இறால் வடை வாங்கி வைத்திருப்பேன். ஆறு மணிக்குச் சூரியன் இறங்கிவிடும், அதற்குள் வந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்பு மகள்