செல்விக்கு ஒரு பதில்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்; வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விட்டது. நேற்று எதிர்வீட்டு மாடியில் வற்றல் காய்வதை ஜன்னலிலிருந்தே பார்த்துச் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நீ பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதப் போகிறாய் என்பதில் ரொம்பச் சந்தோஷம். எந்த இணையதளம் வார்த்தைக்கு அதிகம் தருகிறது என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். இப்போது அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்திருக்கிறேன். பணம் எப்போது கைக்கு வரும், எழுதியது யாருக்குச் சொந்தம், இந்த இரண்டும் அதற்கு முன்னால்.

ஆரம்பத்தில் நான் எழுதிய ஒரு தளத்தில் கூலி நன்றாகவே இருந்தது. ஆனால் கணக்கில் ஐயாயிரம் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். நாலாயிரத்து இருநூறு வரை சேர்த்தேன். அப்புறம் அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் ‘பரிசீலனையில்’ என்றே நின்றன. ஒருநாள் தளமே திறக்கவில்லை. ராத்திரி கண்விழித்து எழுதியவை, இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. அதிலிருந்து, குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம் என்பதைத்தான் எங்கேயும் முதலில் பார்க்கிறேன். முன்பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. மாதிரிக்கு என்று முழுக் கட்டுரையை இலவசமாகக் கேட்டாலும் கொடுக்காதே.

பெரிய தளங்களில் பிடித்தம் உண்டு. வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் சேர்த்துவைக்கும் ஃபைவரில் 100 டாலர் வேலைக்கு 20 டாலர் அவர்களுக்கு. புதியவர்கள் வேலை முடிந்த பிறகும் மீதிக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். அதே மாதிரியான அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்கள் செலவாகும். கையிலிருப்பது தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். டாலரை ரூபாயாக மாற்றும்போது, பணம் அனுப்பும் சேவையான பேபால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் கழித்துவிட்டு, ஆன மணி நேரத்தால் வகுத்துப் பார். வார்த்தைக்கு 1 ரூபாய் என்று 800 வார்த்தை எழுத, தேடிப் படித்துத் திருத்த எட்டு மணி நேரம் ஆனால் மணிக்கு 100 ரூபாய்தான். 60 காசு கொடுத்தாலும், தெரிந்த விஷயம் என்று மூன்று மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 160. இருபது வருடம் அறிவியல் நடத்தியவள் நீ, அதிலேயே வேலை தேடு.

உரிமை விஷயத்தைக் கவனமாகப் படி. நாம் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. அதனால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, கையெழுத்துப் போட்டு உரிமையை எழுதிக் கொடுக்கும்வரை நம் எழுத்து நமக்கே சொந்தம். அதன் 19ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தங்களில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று போடுவது அதற்குத்தான். மிக்சி, குக்கர் பற்றிய குறிப்புகளை அப்படிக் கொடுத்துவிடு, பரவாயில்லை. உன் பாட்டி சொன்ன உப்பளத்துக் கதைகளை மட்டும் கொடுத்துவிடாதே, செல்வி.

அவற்றை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் நீயே நூலாகப் போடலாம், உரிமை உன்னிடமே இருக்கும். ராயல்டி, அதாவது விற்பனையில் நமக்கு வரும் பங்கு, 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் ‘கேடிபி செலக்ட்’ என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர வேண்டும், அதில் இருக்கும்வரை அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. 90 நாள் கட்டு அது, நாம் நிறுத்தாவிட்டால் தானாக நீளும். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

இப்போது நான் எழுதும் இடத்தில் கூலி சுமார்தான். ஆனால் அங்கே ஒருவர் வரிவரியாகப் படித்து, ‘இந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை’ என்று எழுதி அனுப்புகிறார். என் எழுத்து அதனால் தெளிந்திருக்கிறது. அதற்காகவே அங்கே இருக்கிறேன்.

அந்தக் கல்வித் தளம் உனக்கு ஒப்பந்தம் அனுப்பியதாக எழுதியிருந்தாயே, அதற்கு உடனே சரி சொல்லிவிடாதே. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கும் நேரத்தில் போன் போடுகிறேன், சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
வசந்தா