செயலாளரின் ஆண்டறிக்கை: எத்தனால் கலக்காத பெட்ரோலும் நம் பழைய கார்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பழைய கார் வைத்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு அணிவகுப்பு வழக்கம்போல் நடந்தது. இழுவை வண்டியை இரண்டே முறைதான் கூப்பிட்டோம்; இதைச் சாதனைக் கணக்கில் சேர்க்க வேண்டுகிறேன். மற்றபடி இந்த ஆண்டின் பேச்சும் சச்சரவும் ஒரே பொருளைச் சுற்றித்தான் ஓடின. எத்தனால் கலக்காத பெட்ரோலைத்தான் சொல்கிறேன். எத்தனால் என்பது பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்.

“உறுப்பினர்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலை மட்டுமே ஊற்ற வேண்டும்” என்று சென்ற ஆண்டு ஒரு தீர்மானம் வந்தது நினைவிருக்கும். முன்மொழிந்தவன் நான். அதைத் திருத்தித் தரும்படி இன்று கேட்பவனும் நானே.

கவலைப்பட்டதில் தப்பில்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோல் 10 சதவீத எத்தனாலுக்கு மாறியது. அமெரிக்காவில் 10 சதவீதம் ஏறத்தாழ எங்கும் உண்டு. 15 சதவீதக் கலவைக்கு 2001 மாடல் முதலான கார்களுக்கே அனுமதி. இந்தியா 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பிரேசில் 2025-இல் 27-இலிருந்து 30-க்கு ஏறியது. இந்த முடிவுகள் எதிலும் நம் கார்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, 1930-களிலேயே பிரிட்டனில் ‘கிளீவ்லாண்ட் டிஸ்கால்’ என்ற பெயரில் ஆல்கஹால் கலந்த பெட்ரோல் விற்றதை நினைவூட்டினார். அன்று கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தொழில்நுட்பத் துணைக்குழு முதலில் செய்தது ஒரு எளிய சோதனை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, தெளிய விட வேண்டும். பெட்ரோலில் எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும்; பத்தில் இருந்த கோடு மேலே ஏறும். எத்தனால் இல்லையென்றால் கோடு அசையாது. ‘எத்தனால் இல்லாதது’ என்று சொல்லி வாங்கிவந்த ஒரு பாட்டிலிலும் கோடு ஏறிவிட்டது. எங்கே வாங்கியது என்பது இங்கே வேண்டாம். பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைப் பார்த்த ஒரு நண்பர், “அப்படியானால் கேன் முழுவதையும் தண்ணீரில் கழுவி எத்தனாலை எடுத்துவிடலாமே” என்று வீட்டில் செய்தே பார்த்துவிட்டார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் ‘டக டக’ என்று தட்டியது. எத்தனால் ஆக்டேனை, அதாவது எஞ்சின் தட்டாமல் காக்கும் தன்மையை, கூட்டும் பொருள். அதை நம்பி, எத்தனால் சேர்க்குமுன் உள்ள பெட்ரோலின் ஆக்டேனைக் குறைவாக வைப்பதுண்டு. கழுவினால் மிஞ்சுவது அந்த மட்டமான பெட்ரோல்தான். யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். 10 சதவீதக் கலவை 15 டிகிரி வெப்பத்தில் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும். 40 லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 200 மில்லி. அதற்கு மேல் போனாலோ, குளிர் கூடினாலோ, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் காஸ்கெட், ஈயப்பூச்சு டேங்க், துத்தநாக வார்ப்புக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) என்று எத்தனாலுக்கு ஆகாதவை நம் வண்டிகளில் நிறைய. போதாக்குறைக்கு, டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் அது கரைத்துவிடும். முதல் சில டேங்குகளில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையும் மெலியும். எடைக் கணக்கில், பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாறாத கார்புரேட்டர் இதை அறியாது. எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டர் வைத்திருப்போர் அடியில் உள்ள நட்டைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்யலாம். மற்றவர்கள் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டிவரலாம். ஸ்பார்க் பிளக் வெளுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; கலவை மெலிந்ததற்கு அது அடையாளம். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையில் மைலேஜ் 3 சதவீதம்போலக் குறையும். நம்மில் யாரும் மைலேஜுக்காகப் பழைய கார் வைத்திருக்கவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

இனி என் மனம் மாறிய கதை. துணைக்குழு ஒரே வகை கார்கள் இரண்டின் கார்புரேட்டர்களைத் திறந்தது. முதல் வண்டி வாரம் தவறாமல் ஓடுவது; ஹோஸ் புதிது; ஊற்றுவது சாதாரண 10 சதவீதக் கலவை. உள்ளே சுத்தமாக இருந்தது. இரண்டாவது வண்டியில் எத்தனால் இல்லாத பெட்ரோல் தவிர வேறெதையும் ஊற்றியதில்லை. ஆனால் ஷெட்டில் இரண்டு ஆண்டு தூக்கம். ஃபுளோட் கிண்ணத்தில் பழுப்புப் பாகு, ஜெட் முழுக்கப் பிசின், ஊசி ஒட்டிக்கொண்டுவிட்டது. எத்தனால் இல்லாவிட்டாலும் பெட்ரோல் பெட்ரோல்தான். மெல்லிய பகுதி ஆவியாகிப் போகும்; மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்த இரண்டாவது வண்டி என்னுடையது.

எத்தனால் இல்லாதது என்றால் பழைய ஈயப் பெட்ரோல் திரும்பி வந்ததாகச் சிலர் எண்ணியிருக்கிறார்கள். இல்லை. உலகில் கடைசியாக அல்ஜீரியாவும் 2021-இல் அதை நிறுத்திவிட்டது. ஈயம் இல்லாமல் வால்வ் சீட் (வால்வ் வந்து அமரும் வளையம்) தேயும் வண்டிக்கு அந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். விமானப் பெட்ரோல் யோசனையையும் துணைக்குழு தள்ளிவிட்டது. எத்தனால் இல்லைதான், ஆனால் ஈயம் இருக்கிறது, பல நாடுகளில் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. பீப்பாய் பீப்பாயாக வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைக்கலாம் என்ற கோரிக்கை, தீப்பிடிக்கும் அபாயம் கருதி, விவாதமே இல்லாமல் நிராகரிக்கப்பட்டது.

திருத்திய தீர்மானம் இது: ஓடுகிற வண்டிக்கு முதலில் ‘விட்டான்’ (Viton) என்ற, எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் உட்பூச்சுள்ள ஹோஸ் (மேலே ‘ஆர்9’ முத்திரை இருக்கும்), புதிய டயாஃப்ரம், ஃபில்டர், பிறகு காற்று-பெட்ரோல் கலவையைச் சரிபார்த்தல். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஓட்டுவதை நிறுத்த வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போகும் வண்டிக்குக் கடைசியாக ஊற்றுவது மட்டும் எத்தனால் இல்லாததாக, நிலைப்படுத்தும் மருந்து கலந்ததாக இருக்கட்டும். டேங்கை நிறைத்து, கார்புரேட்டர் வரை சேரும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கண்ணாடி இழை டேங்க் வைத்திருப்போருக்கு மட்டும் பழைய வாசகமே பொருந்தும்: எத்தனால் கூடவே கூடாது.

விடுமுறை நாளெல்லாம் கையில் கிரீஸோடு உழைத்த துணைக்குழுவுக்கு நன்றி. சோதனைக்கு வாங்கிய கண்ணாடிக் குழாயை இரவல் கொண்டுபோன அன்பர், தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் அதைத் திருப்பித் தந்தால், சந்தேகம் உள்ளவர்களுக்கு இங்கேயே செய்து காட்டலாம்.

பணிவுடன்,
செயலாளர்