ஏரிக்கூட்டம் கூடியது

ஆற்காடு,
புரட்டாசி 12

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மா நலம், மூட்டுவலிதான் விட்டபாடில்லை. ஏரிச் செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு மாரியம்மன் கோயில் வாசலில் கூடினோம். ஏரிக்கென்று நம் ஊர் கூடிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். பாலாறு அணைக்கட்டிலிருந்து வரும் வரத்துக்கால்வாய் முழுக்க வேலிக்காத்தான். ஐப்பசி மழைக்குள் வெட்டியாக வேண்டும். கிணறும் மோட்டாரும் உள்ளவர்கள், "எங்களுக்கு மடைத்தண்ணீர் எதற்கு? நாங்கள் ஏன் ஆள் அனுப்பணும்?" என்றார்கள். மேலத்தெருப் பாட்டி ஒருவர் எழுந்து, "ஏரி காஞ்ச வருசம் உன் மோட்டார் எத்தனை நாழி ஓடுச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை. அப்புறம், ஏக்கர் கணக்கில் எல்லாரும் ஆளோ பணமோ தருவதென்று முடிவானது.

வயல்களுக்கு முறை வைத்து ஏரித் தண்ணீர் விடுவாரே, நம் நீர்க்கட்டித் தாத்தா, நினைவிருக்கிறதா? ராத்திரியெல்லாம் மண்வெட்டியும் லாந்தருமாகக் கரையில் நடப்பார். தண்ணீர் குறைந்தால் கடைமடைக்கு முதல் முறை விடுவார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாததால் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று பெருமையாகச் சொல்வோம். ஆயுள் முழுக்க ஊர் வயலுக்குப் பாய்ச்சியவருக்கு வயலே இல்லாதது பெருமையா? இப்போதுதான் உறுத்துகிறது. அந்த வேலைக்கு வரச் சொல்லி அவர் பேரனைக் கேட்டோம். "மாதச் சம்பளம் வேணும், கூட்டத்துல எனக்கும் ஒரு நாற்காலி வேணும்" என்றான். இரண்டுக்கும் சரி என்றோம்.

2009-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே எலினார் ஆஸ்ட்ரம், அவர் ஸ்பெயின், நேபாளம் என்று பல ஊர்ப் பாசனங்களை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: காவல் பார்ப்பவர் பாத்தியப்பட்டவர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும், முதல் தப்புக்குச் சின்ன அபராதம் போதும். நம் பக்கத்து உத்திரமேரூரில், சுமார் 1,100 வருடத்துக்கு முன்பே, ஊர் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான், ஏரி மீன் ஏலப் பணத்தின் கணக்கை மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டணும் என்றேன். சிலருக்கு முகம் சுருங்கியது. நான் விடவில்லை.

உன் ஒன்றரை ஏக்கர் கடைமடையில்தானே இருக்கிறது? உன் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டேன். இப்போதைக்கு உன் பங்கை நான் கட்டுகிறேன். பொங்கலுக்கு வரும்போது கொடு, மடையையும் வந்து பார்.

உன்,
பழைய வகுப்புத் தோழன்