ஒரு நாள் முகாமைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள்

மலைத் தோட்டங்களில் கவுன்சலிங் முகாம் நடத்தும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் மூணாறு லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் தூக்கம் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்சரிவில் புதைந்து 70 பேர் போனதையும் நாங்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆகவே போன மாத முகாமைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

வந்த கவுன்சலருக்குத் தமிழ் தெரியவில்லை. அதனால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் சூப்பர்வைசரை அருகில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். கையிலிருந்தது மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பது. தன் கூடைக்கு எடை போடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் அதற்கு ஆமாம் என்பாள்? வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பதை எப்படிச் சொல்வாள்? வரிசையாகப் பூஜ்யம் விழுந்தது. அந்தப் பூஜ்யங்களைக் கூட்டித்தான் எங்கள் எஸ்டேட் டிவிஷனில் பெரிய பாதிப்பில்லை என்று அறிக்கை போயிருக்கிறது. நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்வதை நீங்களே எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள்.

பேசி என்ன ஆகப்போகிறது என்று லயத்தில் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பேச்சு சிகிச்சை என்று அவர்கள் கண்டதெல்லாம் இதுதான்.

விபத்தைக் கண்டவரை ஒரே ஒருமுறை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லவைத்துவிட்டுப் போவது பலன் தராது. சிலருக்குக் கெடுதலும் செய்யும். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் (பிடிஎஸ்டி) இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். இந்த முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது.

பலன் தரும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் கடும் மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்தார்கள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் வந்த முடிவு இது.

அங்கே வெறும் ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நோயாளி எந்த வேலைகளை விட்டுவிட்டார் என்று கேட்டு, அவற்றில் சிறியதாக ஒன்றை எடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்வார் என்று குறிக்க வேண்டும். மறுவாரம் செய்தாரா என்று பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால் எது தடுத்தது என்று கண்டுபிடித்து, வேலையை இன்னும் சிறிதாக்க வேண்டும். ஆள் மாறினால் கதை முதலிலிருந்து தொடங்கும். இடைவெளி நீண்டால் முன்பு பிடித்த பழக்கம் நழுவும். மூன்றாவது முறையும் புது முகம் வந்தால் நோயாளி வருவதை நிறுத்திவிடுவார்.

எனவே கேட்கிறோம்: தமிழ் பேசும் ஒரே ஆளை, ஆறு முறையாவது அனுப்புங்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நல்ல சேவை, தமிழிலும் பேசலாம். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வெளியே வந்தால் பல இடங்களில் சிக்னல் இல்லை. பகலில் கவுன்சலிங்குக்கு வந்தால் அரைநாள் கூலி போகிறது, அதோடு கொழுந்து கணக்கும் குறைகிறது. இடியும் லயத்தை மாற்றிக் கட்டாமல், மழைக்குப் பயப்படாதீர்கள் என்று அதே லயத்தில் இருப்பவரிடம் சொல்வதற்கும் எங்களுக்கு வாய் வரவில்லை. அது உங்கள் துறையின் வேலையில்லை என்பீர்கள்; சொல்ல வேண்டியவர்களிடம் நீங்களும் சொல்லலாம்.

உங்கள் துறையிடம் கேட்பது இவ்வளவுதான். தமிழ் பேசும் ஒரே ஆள், ஆறு முதல் எட்டு முறை, வேலை முடிந்தபின் மாலை நேரத்தில், எஸ்டேட் ஆட்கள் யாரும் உடன் இல்லாத அறையில். முதல் நாளும் கடைசி நாளும் அந்தப் படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்த முகாம் தேதியைக் குறிக்கும் முன்பு இதற்குப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லயங்களில் நோயாளிகளுக்குத் துணைபோகும் தன்னார்வலர்கள்,
மூணாறு